டீசலுக்கு ஏன் குறைக்கவில்லை?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



வழக்கமாக நான் உங்களிடம் விதை நேர்த்தி பற்றியோ குருத்துப் பூச்சி பற்றியோதான் பேசுவேன். இன்று கொஞ்சம் வழி விலகிப் போகிறேன். அதற்குக் காரணம் ஒரு பெரியவர். ஒரகடத்தைத் தாண்டி, வல்லக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சம்பாவுக்கு நேரடி விதைப்பு செய்வது பற்றிச் சொல்லக் கூட்டம் போட்டிருந்தோம். நான் பேசி முடித்ததும் அவர் எழுந்தார். "சார், விதைப்பு இருக்கட்டும். 2021ல பெட்ரோலுக்கு மூணு ரூபா கொறைச்சாங்களே, டீசலுக்கு ஏன் கொறைக்கல? நாங்க என்ன ஸ்கூட்டர்லயா ஏரு ஓட்டுறோம்?" என்று கேட்டார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி நியாயமானது, என் கையில் அன்றைக்குச் சரியான பதில் இல்லை. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். படித்ததை இன்று சொல்கிறேன். நான் அரசு ஊழியன், கட்சி பேச மாட்டேன். கணக்குப் பேசலாம் அல்லவா?

முதலில், டீசலுக்கு நாம் கொடுக்கும் காசு யார் யாருக்குப் போகிறது? 2022 மே மாதக் கடைசியில் சென்னையில் ஒரு லிட்டர் டீசல் 94 ரூபாய் 24 காசு. இதில் மத்திய அரசின் கலால் வரி 15 ரூபாய் 80 காசு. மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரி ஏறக்குறைய 18 ரூபாய். மீதிதான் எண்ணெயின் விலை, சுத்திகரிப்புச் செலவு, பங்க்காரரின் கமிஷன் எல்லாம். ஆக, மூன்றில் ஒரு பங்குக்கு மேலே வரி. ஒரு ஏக்கருக்குச் சேற்றுழவு முதல் அறுவடை இயந்திரம் வரை 30 லிட்டர் டீசல் செலவாகிறது என்று வைத்துக் கொண்டால், ஆயிரம் ரூபாய்ச் சொச்சம் வரியாகப் போகிறது. பில்லில் வரி என்று எழுதி வருவதில்லை, டிராக்டர்காரர் கேட்கும் மணி வாடகைக்குள் ஒளிந்து கொண்டு வருகிறது. அதனால்தான் பலருக்கும் தெரிவதில்லை.

இந்த இரண்டு வரிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நிலத்தைக் குத்தகைக்கும் விடலாம், வாரத்துக்கும் விடலாம். குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய மூட்டையை அளந்துவிட வேண்டும். வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. மத்திய அரசின் வரி குத்தகை மாதிரி, லிட்டருக்கு இத்தனை ரூபாய். மாநில அரசின் வரி முன்பு முழுக்க வாரம், டீசல் விலையில் 25 விழுக்காடு, பெட்ரோலில் 34 விழுக்காடு. விலை ஏறினால் வரியும் ஏறும், இறங்கினால் இறங்கும்.

2020இல் ஊரடங்கு வந்தது. வண்டிகள் நின்றன. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை அதல பாதாளத்துக்குப் போயிற்று. அமெரிக்கச் சந்தையில் ஒரு நாள் பூஜ்யத்துக்கும் கீழே போனது. வாரத்துக்கு விட்ட நிலத்தில் பஞ்சம் வந்தால் நிலக்காரர் என்ன செய்வார்? "இனிமே குத்தகையா குடுப்பா" என்பார். தமிழக அரசும் 2020 மே மாதம் அதைத்தான் செய்தது. டீசலுக்கு 11 விழுக்காடும் அதோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும், பெட்ரோலுக்கு 15 விழுக்காடும் 13 ரூபாய் 2 காசும் என்று பாதி வாரம், பாதி குத்தகையாக மாற்றியது. அன்றைக்கு டீசல் விலை இரண்டரை ரூபாய் ஏறியது.

அதே வாரத்தில் மத்திய அரசும் சும்மா இருக்கவில்லை. டீசல் மீதான கலால் வரியை ஒரே அடியாக 13 ரூபாய் உயர்த்தி, 31 ரூபாய் 83 காசு ஆக்கியது. 2014இல் இது 3 ரூபாய் 56 காசாக இருந்தது. எண்ணெய் விலை விழுந்ததன் பலன் நமக்கு வரவில்லை, கஜானாவுக்குப் போயிற்று. பெட்ரோலியப் பொருள்களின் கலால் வரியாக 2019-20இல் 2 லட்சத்து 23 ஆயிரம் கோடி வந்தது, 2020-21இல் 3 லட்சத்து 72 ஆயிரம் கோடிக்கு மேல் வந்தது. இலவச ரேஷன், தடுப்பூசி, சாலை என்று செலவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எண்ணெய் விலை மறுபடி ஏறியபோதுதான் வலி தெரிந்தது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது. அதற்குச் சில மாதம் முன்பு நடந்த சட்டமன்றத் தேர்தலில் பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்று தி.மு.க. வாக்குறுதி கொடுத்திருந்தது. ஆட்சிக்கு வந்ததும் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் ஆகஸ்ட் 9ஆம் தேதி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். 2020-21இல் மாநிலத்தின் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி ரூபாய் என்றும், ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2 லட்சத்து 63 ஆயிரத்துக்கு மேல் பொதுக்கடன் நிற்கிறது என்றும் அதில் சொல்லப்பட்டது.

வருவாய்ப் பற்றாக்குறை என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கடன் வாங்கிக் கிணறு வெட்டினால் ஒரு கணக்கு. கடன் வாங்கி அன்றாடச் சோற்றுக்கும், பழைய கடனின் வட்டிக்கும் கொடுத்தால் அது வேறு கணக்கு. முதலாவதில் தண்ணீராவது மிஞ்சும். இரண்டாவதைத்தான் வருவாய்ப் பற்றாக்குறை என்கிறார்கள். சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் ஆகியவற்றுக்கே வருமானம் போதாமல் கடன் வாங்குவது. என் சம்பளமும் அதில் அடக்கம். மறைக்க என்ன இருக்கிறது!

வெள்ளை அறிக்கை வந்த நான்காம் நாள், ஆகஸ்ட் 13ஆம் தேதி வரவு செலவுத் திட்டத்தில் பெட்ரோலுக்கு மட்டும் 3 ரூபாய் குறைப்பு அறிவிக்கப்பட்டது. மறுநாள் சென்னையில் பெட்ரோல் 102 ரூபாய் 49 காசிலிருந்து 99 ரூபாய் 47 காசுக்கு இறங்கியது. ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று அரசு சொன்னது. மாநிலத்தில் 2 கோடியே 63 லட்சம் இரு சக்கர வண்டிகள் இருக்கின்றன, பெட்ரோல் விலையின் சுமை உழைக்கும் மக்கள் மேல்தான் விழுகிறது என்பது சொல்லப்பட்ட காரணம்.

நம் பகுதியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காலை ஷிப்டு மாறும் நேரத்தில் ஒரகடம் கூட்டுரோட்டிலோ சுங்குவார்சத்திரத்திலோ நின்று பாருங்கள். ஏர் பிடித்த வீட்டுப் பிள்ளைகள்தான் பைக்கில் கம்பெனிக்குப் போகிறார்கள். போக வர 40 கிலோமீட்டர் ஓடும் பையனுக்கு மாதம் 20, 22 லிட்டர் ஆகும். அவனுக்கு மிச்சம் 65 ரூபாய். இதே அளவு பணம்தான், ஆண்டுக்கு 1,200 கோடி, அதே ஆண்டு மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் அறிவித்தபோது ஈடு செய்ய ஒதுக்கப்பட்டது. வேலைக்கோ சந்தைக்கோ தினம் பஸ் ஏறும் ஒரு அம்மாவுக்கு மாதம் பல நூறு ரூபாய் மிச்சமாகிறது. ஒரே பணம், இரண்டு வழியில் போகும்போது எங்கே எவ்வளவு பாய்கிறது என்று பாருங்கள். மடையைத் திறந்து விடுவதற்கும் வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டு போவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. (ஊருக்கு அந்த பஸ் வரவேண்டும், அது வேறு விஷயம்.)

இப்போது பெரியவரின் டீசலுக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலையில் டீசல் குடிப்பது யார்? புதுக் கார்களை ஏற்றிப் போகும் நீள வண்டி, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர், கம்பெனி பஸ், மின்சாரம் போனால் ஓடும் ஜெனரேட்டர். நம் டிராக்டர் ஒரு மூலையில். டீசலுக்கு 4 ரூபாய் குறைத்திருந்தால் ஏக்கருக்கு 30 லிட்டர் கணக்கில் உங்களுக்கு 120 ரூபாய். ஒரு மூட்டை யூரியாவின் விலையில் பாதிகூட இல்லை. அதுவும் டிராக்டர்காரர் வாடகையைக் குறைத்தால்தான். 2021 நவம்பர் 4ஆம் தேதி மத்திய அரசு டீசல் வரியை 10 ரூபாய் குறைத்தது. சென்னையில் விலை 11 ரூபாய்க்கு மேல் இறங்கியது. அந்த நவரைப் பட்டத்தில் உழவு வாடகை இறங்கியதா? நான் போய்வந்த கிராமங்களில் இறங்கியதாக எனக்கு நினைவில்லை. டீசல் ஏறினால் மறுநாளே ஏறும் வாடகை, இறங்கும்போது மட்டும் கால் வலிக்கிறது என்கிறது!

10 ரூபாய் குறைத்தால் விலை எப்படி 11 ரூபாய் இறங்கும் என்று யாராவது கேட்பீர்கள். மத்திய வரியையும் சேர்த்த விலையின் மேல்தான் மாநிலத்தின் 11 விழுக்காடு. அந்தக் குத்தகை குறைந்ததும் இந்த வாரமும் தானாகக் குறைந்தது. ஆகவேதான், 2022 ஏப்ரல் 27ஆம் தேதி பிரதமர் மோடி முதலமைச்சர்கள் கூட்டத்தில், தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்கள் வரியைக் குறைக்கவில்லை என்று குறிப்பிட்டபோது, "நாங்கள் உங்களுக்கு முன்பே ஆகஸ்டில் குறைத்தோம், நீங்கள் ஏற்றியதைத்தானே இறக்கினீர்கள்" என்ற பொருளில் இங்கிருந்து பதில் போயிற்று.

இந்த வழக்கில் இன்னொரு முடிச்சும் உண்டு. மத்திய வரி என்றாலும் மாநிலங்களுக்கு அதில் பங்கு உண்டல்லவா என்று கேட்கலாம். உண்டு, அடிப்படைக் கலால் வரியில் மட்டும். 2021இல் டீசலுக்கு வாங்கிய 31 ரூபாய் 80 காசில் அடிப்படை வரி 1 ரூபாய் 80 காசுதான். அதில் 41 விழுக்காடு, அதாவது முக்கால் ரூபாய்க்கும் குறைவு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. மற்றதெல்லாம் மேல்வரி, கூடுதல் வரி என்ற பெயரில் டில்லியிலேயே தங்கிவிடும். அதில் 4 ரூபாய்க்கு வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி என்று பெயர். உங்கள் பெயரில்தான் வாங்கினார்கள்!

மாநிலத்துக்கும் வேறு வழி குறைவு. ஜி.எஸ்.டி. என்பது பொருள் எங்கே விற்கிறதோ அங்கே போகும் வரி. இருங்காட்டுக்கோட்டையில் செய்த கார் கான்பூரில் விற்றால் மாநிலப் பங்கு உத்தரப் பிரதேசத்துக்கு. நிலம், தண்ணீர், சாலை எல்லாம் நம்முடையது, கார் வரி அவர்களுக்கு. ஆனால் இங்கே எரியும் டீசலின் வரி இங்கேயே கிடைக்கும். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றத்தில் பெட்ரோல், டீசலையும் அதில் சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்தபோது மாநிலங்கள் ஒப்புக்கொள்ளாததன் காரணம் இப்போது புரியும்.

அப்படியானால் மத்திய அரசு தாராளமாகக் குறைக்கலாமே? 2022 மே 21ஆம் தேதி குறைத்தது, பெட்ரோலுக்கு 8 ரூபாய், டீசலுக்கு 6 ரூபாய். ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் கோடி இழப்பு என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னார். அதே நாளில் இன்னொன்றும் சொன்னார், நம்மில் பலர் கவனிக்கவில்லை. ஏற்கெனவே ஒதுக்கிய 1 லட்சத்து 5 ஆயிரம் கோடிக்கு மேல், உர மானியத்துக்கு இன்னும் 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி! உக்ரைன் போரால் உலகச் சந்தையில் உர விலை பல மடங்கு ஏறிய சமயம் அது. அப்போதும் யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்கே உங்களுக்குக் கிடைத்தது இந்த மானியத்தால். வரவு ஒரு லட்சம் கோடி குறைந்தது, செலவு ஒரு லட்சம் கோடிக்கு மேல் கூடியது, இரண்டும் ஒரே நாளில். நடுவில் விழுந்த பள்ளத்தை நிரப்புவது கடன்.

பள்ளம் பெரிதானால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். இலங்கையில் 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். மக்களுக்கு மகிழ்ச்சிதான். அரசின் வருமானம் சரிந்தது. பிறகு கொரோனாவால் சுற்றுலா படுத்தது. 2021இல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்ததில் விளைச்சலும் அடிபட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்ப முடியவில்லை என்று அறிவித்தார்கள். டீசலுக்கு நாள்கணக்கில் வரிசை. வரிக் குறைப்பு ஒன்றே காரணம் என்று சொன்னால் தப்பு. அதுவும் ஒரு காரணம் என்பதை மறுப்பாரில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு பெரியவருக்கு என்ன பதில்? அவர் கேட்டதில் பாதி சரி என்பது என் எண்ணம். வாக்குக் கொடுத்தவர்களை அவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் எல்லா டீசலுக்கும் குறையுங்கள் என்று கேட்டால் கன்டெய்னர் லாரிக்குத்தான் பெரும்பங்கு. வேறு மாதிரியும் கேட்கலாம். நம் கடற்கரையில் மீன்பிடிப் படகுகளுக்கு ஆண்டுக்கு இத்தனை லிட்டர் என்று அளவு வைத்து விற்பனை வரி இல்லாத டீசல் கொடுக்கிறார்கள். பீகாரில் வறட்சிக் காலத்தில் பாசனத்துக்கு டீசல் மானியம் கொடுத்திருக்கிறார்கள். நமக்குப் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் இருக்கிறது. உழவுக்கும் அறுவடைக்கும் அதுபோல இலவச டீசல் இல்லை. சிறு, குறு விவசாயிக்கு ஏக்கருக்கு இத்தனை லிட்டர் என்று கேட்டால், அரசுக்கு ஆகும் செலவு சிறியது, உங்களுக்கு வருவது பெரியது.

அப்படிக் கேட்க வேண்டுமானால் கையில் கணக்கு வேண்டும். இந்தப் பட்டத்தில் உங்கள் வயலில் டிராக்டர் எத்தனை மணி ஓடியது, அறுவடை வண்டி எத்தனை மணி நின்றது, எவ்வளவு வாடகை கொடுத்தீர்கள், அன்றைக்கு டீசல் என்ன விலை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குறைதீர் நாள் கூட்டத்துக்கு அதைக் கொண்டு வாருங்கள். வேளாண் பொறியியல் துறையின் டிராக்டரை வாடகைக்கு எடுக்க உழவன் செயலியிலேயே பதியலாம். பட்டம் தொடங்கும்போது எல்லோரும் ஒன்றாகக் கேட்பதால் வண்டி கிடைப்பது தாமதமாகும், இரண்டு வாரம் முன்னதாகவே பதிந்துவிடுங்கள். அடுத்த பேச்சில் நேரடி விதைப்பில் களை எடுப்பது பற்றிச் சொல்கிறேன்.