அழித்தாலும் அழியாதவை

தெஹிவளையில் எங்கள் வீட்டுக் கணினியிலிருந்து மர்ஹூம் மூத்தவாப்பாவின் குரற்பதிவுகள் பதினொன்றைத் தவறுதலாக அழித்துவிட்டேன். உம்மா அழுதார். "இனி அதுல ஒண்டும் சேவ் பண்ணாத" என்றார் நானா.

காரணம் இதுதான்: கோப்பை அழித்ததும் வன்தட்டிலுள்ள தரவு மறைவதில்லை; அவ்விடம் வெற்றிடமென்று குறிக்கப்படுகிறது. புதியது எழுதப்படும்வரை பழையது அங்கேயே இருக்கும்.

வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடி, கிடைத்தவற்றை இன்னொரு தட்டில் சேமித்தோம். பெயர்கள் தொலைந்தாலும் ஒன்பது மீண்டன. மற்ற இரண்டின் மேலும் என் பாடக்குறிப்புகள் பதிந்துவிட்டிருந்தன.

புதிய எஸ்.எஸ்.டி. தட்டுகளிலோ 'ட்ரிம்' வசதி அழித்தவற்றை விரைவில் துடைத்துவிடும், மீட்பது அரிது.

தோழியரே, பிரியமானவற்றுக்குப் பிரதியொன்றை வேறிடத்தில் வைத்திருங்கள்.