வன்தட்டில் ஒரு பாகப்பிரிவினை

விண்டோஸ் ஓடும் கணினியில் லினக்ஸையும் குடிவைக்க வேண்டுமென்றால், முதல் வேலை ஹார்ட் டிஸ்க்கில் பாகம் பிரிப்பது. பாகங்களுக்கு நடுவே சுவர் எதுவும் எழும்பாது. எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துவைத்த ஒரு சிறு அட்டவணை, அவ்வளவுதான். 1983-இல் வந்த எம்.பி.ஆர். முறையில் இதற்கு மொத்தமே 64 பைட். பாகத்துக்கு 16 வீதம் நான்கு. இப்போதைய ஜி.பி.டி. முறையில் வழக்கமாக 128 பாகங்களுக்கு இடமுண்டு. அட்டவணையின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைக்கோடியிலும் இருக்கும். பத்திரத்துக்கு நகல் எடுத்துவைத்த மாதிரி.

கோடு கிழிப்பது சுலபம். ஏற்கெனவே குடியிருப்பவரை ஒதுங்கவைப்பதுதான் பாடு. கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துவிட்டு, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கச் சொல்லுங்கள். 200 ஜி.பி. காலியாகக் கிடந்தாலும் 20 மட்டும்தான் தருவேன் என்று சில சமயம் அடம்பிடிக்கும். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல் போன்றவை காரணம். கூடத்து நடுவே கிடக்கும் நெல் பத்தாயம் போல, ஆள் புழங்கும்போது அவற்றை நகர்த்த முடியாது. அவற்றைத் தற்காலிகமாக அணைத்து, மறுதொடக்கம் செய்து கேட்டால் பெரும்பாலும் வழிக்கு வரும். கிடைத்த இடத்தை ஃபார்மேட் செய்யாமல் வெறுமனே விடுங்கள்; லினக்ஸ் தனக்கு வேண்டிய ஈஎக்ஸ்டி4 அமைப்பைத் தானே போட்டுக்கொள்ளும். 25 ஜி.பி. போதும் என்பார்கள். நானானால் 50-க்குக் குறைய விடமாட்டேன்.

பலரும் கவனிக்காதது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை. உள்நிலையை டிஸ்க்கில் எழுதிவிட்டுத் தூங்குகிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் அதே டிரைவில் எழுதினால் கணக்கு குழம்பி, கோப்புகள் சிதையலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவையுங்கள். அந்தக் கணினிக்குள்ளேயே சேமிப்பது, சாவியை உள்ளே வைத்துவிட்டு வீட்டைப் பூட்டுகிற கதைதான்.

இனி நிறுவலாம். பாகங்களின் பட்டியலில் 100 எம்.பி. அளவில் ஈ.எஃப்.ஐ. என்றொரு பொடிப் பாகம் தென்படும். இரண்டு இயங்குதளத்துக்கும் பொதுவான தலைவாசல் அது. லினக்ஸ் தன் கதவை அதிலேயே வைத்துக்கொள்ளட்டும். ஃபார்மேட் கட்டத்தில் மட்டும் டிக் போட்டுவிடாதீர்கள். விண்டோஸின் கதவும் அங்கேதான் இருக்கிறது.