அறுகம்பை: பலகையும் படகும் பகிரும் கரை

இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவில் நகருக்குத் தெற்கே சுமார் மூன்று கிலோமீட்டரில் பிறை வடிவில் வளைந்திருக்கிறது அறுகம்பை. அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்த இந்தக் குடாவின் கரையில் இருக்கும் மீனவக் குடியிருப்பின் பெயர் உல்லை. தமிழ் பேசும் முஸ்லிம்களே இங்கு அதிகம். சிங்களக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. குடாவின் தெற்குப் பக்கம் ஃபைபர் படகுகள் மணலில் வரிசையாக இழுத்து வைக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்து முனையைச் சுற்றி வளைந்து வரும் அலைதான் பல நாடுகளின் அலைச்சறுக்குக்காரர்களை இந்தச் சிற்றூருக்கு வரவழைக்கிறது. அவர்களை நம்பித்தான், அறைக்கு அல்லாமல் கட்டிலுக்கு வாடகை வாங்கும் பேக்பேக்கர் விடுதிகள், 2009-இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு இங்கே பெருகின.

இந்த விடுதிகளின் வாழ்வு பருவக்காற்றோடு கட்டுண்டது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலிப் பக்கங்களில் மழையைக் கொட்டும்போது கிழக்குக் கரை காய்ந்து கிடக்கும். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காலைக் காற்று அலையின் முகத்தைக் கலையாமல் நிறுத்திவைக்கும். தெற்கே வெகுதூரத்தில், பெருங்கடலின் புயல்களில் பிறந்த நீண்ட அலைகள் பாறைத்திட்டில் மோதி ஒரே திசையில் வலப்புறமாக உடைந்துகொண்டே போகும். நல்ல நாளில் பலகையில் எழுந்து நிற்பவர் சில நூறு மீட்டர் தூரம் வழுக்கிச் செல்லலாம். மீனவருக்கும் இதுவே தொழில் காலம். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அங்குள்ள மீனவர்களில் ஒரு பகுதியினர் கிழக்கே வந்து வாடி என்னும் தற்காலிகக் குடில் அமைத்துத் தங்குவது இலங்கையின் பழைய வழக்கம். ஆக, இந்தக் கடற்கரைக்கு வெளியாள் வந்து சில மாதங்கள் தங்கிப் போவது சுற்றுலாவோடு தொடங்கியதல்ல.

மலிவான பொதுத் தங்குமிடம் என்ற ஏற்பாட்டுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஜெர்மன் பள்ளி ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மன் 1909-இல் மாணவர்களை நடைப்பயணம் அழைத்துப் போனபோது இடிமழையில் சிக்கி, ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் இரவைக் கழிக்க நேர்ந்தது. விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளையே பயண விடுதிகளாக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு அன்று உதித்தது. 1912-இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி திறந்தது. 1932-இல் பல நாட்டு விடுதிச் சங்கங்கள் ஆம்ஸ்டர்டாமில் கூடி ஒரு சர்வதேசக் கூட்டமைப்பை நிறுவின. அந்தக்கால விடுதிகளில் ஆண், பெண் தனித்தனிக் கூடங்கள், இரவில் குறித்த நேரத்தில் கதவடைப்பு, விருந்தினரும் கூட்டிப் பெருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் இருந்தன. 1960-களிலும் 70-களிலும் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியே இந்தியாவுக்குத் தரைவழியாக வந்த இளைஞர் கூட்டம் அந்த ஒழுங்கைத் தளர்த்தியது. அந்தப் பாதையில் பயணம் செய்த டோனி வீலரும் மொரீன் வீலரும் 1973-இல் வெளியிட்ட சிறு நூல்தான் லோன்லி பிளானெட் வழிகாட்டி நூல்களின் தொடக்கம்.

அறுகம்பைக்கு அலைச்சறுக்குக்காரர்கள் வரத் தொடங்கியதும் 1970-களில்தான். அப்போது விடுதி ஏதுமில்லை. ஊர்க்காரர் வீட்டு முற்றத்தில் ஒரு கிடுகுக் கொட்டில், கிணற்றடியில் குளியல், வீட்டுக்காரர் சமைத்த சோறு. பின்னர் அதுவே ‘கபானா’ என்ற பெயரில் தொழிலாக வளர்ந்தது. 1983-இல் மூண்ட போர் கிழக்கை வெளியுலகத்திலிருந்து பெரிதும் துண்டித்தது. சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்தவர்கள் சிலரே. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கரையோர வீடுகளையும் படகுகளையும் அடித்துப்போனது. பொத்துவிலோடு ஊரை இணைத்த பாலமும் சிதைந்தது. அமெரிக்க உதவியோடு கட்டப்பட்ட புதிய பாலத்தின் வழியாகத்தான் இன்று பயணிகள் ஊருக்குள் நுழைகிறார்கள்.

அந்தப் பேரழிவுக்குப் பிறகு நடந்ததை விடுதியில் தங்க வருகிறவர் அறிந்திருப்பது அவசியம். கடலிலிருந்து குறிப்பிட்ட தூரம்வரை யாரும் மீண்டும் வீடு கட்டக் கூடாதென்று அரசு எல்லை வகுத்தது. கிழக்கில் அது 200 மீட்டர். ஏற்கெனவே இருந்த சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு கிடைத்தது. வலையும் படகும் கண்ணெதிரே இருந்தாலொழியத் தொழில் செய்ய முடியாத மீனவர் உள்ளே தள்ளப்பட, கரை பயணிகளுக்கு என்றானது. கனடிய எழுத்தாளர் நவோமி கிளைன் 2007-இல் வெளியிட்ட ‘தி ஷாக் டாக்ட்ரின்’ நூலில் ஆழிப்பேரலை பற்றிய அத்தியாயம் அறுகம்பையை மையமாக வைத்தே எழுதப்பட்டது. எல்லை பின்னர் தளர்த்தப்பட்டாலும், கரை யாருக்கு என்ற கேள்வி தீர்ந்துவிடவில்லை. மணலில் சாய்வு நாற்காலி போடும் ஒவ்வொரு விடுதியும் படகு இழுக்கும் இடத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. இதை நினைவில் வைத்து நடத்தப்படும் விடுதிகளைத் தேர்ந்தெடுப்பது பயணியின் கையில்தான் இருக்கிறது.

கொழும்பிலிருந்து அறுகம்பை ஏறத்தாழ 320 கிலோமீட்டர். பேருந்து பொத்துவில்வரை வரும், அங்கிருந்து ஆட்டோ. மலைநாட்டில் எல்லவைப் பார்த்துவிட்டு மொனராகலை வழியாக இறங்கி வருகிறவர்களும் ஏராளம். வழியில் லகுகலைக் காட்டோரம் யானைகள் சாலையைக் கடக்கும் என்பதால் இரவுப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது.

விடுதியின் அமைப்பு எளியது. நான்கு முதல் எட்டுப் பேர் படுக்கும் கூடங்களில் அடுக்குக் கட்டில்கள். கட்டிலுக்கு ஒரு கொசுவலை அல்லது திரை, ஒரு மின்விசிறி, கைப்பேசிக்கு மின் இணைப்பு, காலடியில் பூட்டுப் போடும் பெட்டி. பூட்டைப் பயணியே கொண்டுவருவது வழக்கம். பெண்களுக்கு மட்டுமான கூடம் பல விடுதிகளில் உண்டு. குளியலறை பொது. உறங்கும் கூடம் குறுகலாகவும் முற்றம் விரிவாகவும் இருப்பது சிக்கனத்துக்காக மட்டும் செய்யப்பட்டதல்ல. கூடத்தில் உட்கார இடமில்லாதபோது மனிதர் முற்றத்துக்கு வருவார். அங்கே தூளி ஊஞ்சல்களும் மணல் தரையும் கிடுகு வேய்ந்த பந்தலின் கீழ் ஒரு நீண்ட மேசையும் இருக்கும். தனியாக வந்தவர் அந்த மேசையின் ஓரத்தில் அமர்ந்தாலே போதும், அடுத்தவர் பேச்சுக் கொடுப்பார். நான்கு பேர் மேசைகளாகப் பிரித்துப் போட்ட விடுதியில் இது நடப்பதில்லை; கூட்டமாக வந்தவர்கள் கூட்டமாகவே இருந்துவிட்டுப் போகிறார்கள். விடுதியின் கலகலப்புக்கு இசையையும் மதுவையும் காரணமாகச் சொல்வோர் உண்டு. அவற்றைவிட அதிகம் உழைப்பது அந்த ஒற்றை மேசையே.

நாளின் ஒழுங்கும் ஆட்களைச் சேர்த்துவைக்கிறது. விடியுமுன் எழுந்து, முன்தினம் பேசிவைத்தபடி மூன்று நான்கு பேராக ஆட்டோவின் கூரையில் பலகைகளைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். கட்டணத்தைப் பங்குபோட ஆள் தேவை என்பதே பல நட்புகளுக்குத் தொடக்கம். தேர்ந்தவர்கள் குடாவின் தெற்கு முனையில் உள்ள மெயின் பாயின்டுக்குப் போவார்கள். அங்கே அலை உடைவது பாறைத்திட்டின் மேல்; விழுந்தால் கால் கிழியும். புதியவர்கள் குடாவுக்குள் இருக்கும் பேபி பாயின்டிலோ, வடக்கே விஸ்கி பாயின்டிலோ, தெற்கே பீனட் ஃபார்மிலோ பழகலாம். அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம் என்பது உலகெங்கும் உள்ள கடல் ஒழுங்கு. அதை மீறிக் குறுக்கே பாய்வதால் பலகைகள் மோதிக் காயங்கள் உண்டாகின்றன. வெயில் ஏறிக் காற்றுத் திரும்பியதும் எல்லோரும் விடுதிக்கு மீள்வார்கள். நண்பகலில் தூக்கம், புத்தகம், உடைந்த பலகைக்கு ஒட்டுப் போடுதல். மாலையில் மறுபடி கடல்.

மாலைக்குள் பெயர் கொடுத்தவர்களுக்கு இரவுச் சாப்பாடு சேர்த்துச் சமைக்கப்படும். காலையில் கரைக்கு வந்த மீனைப் பொறுத்து அன்றைய கறி: சூரை, பாரை, அதிர்ஷ்டம் இருந்தால் அறக்குளா. சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல், ஒரு மரக்கறி. மீனை ஊர்ப் படகிலிருந்து வாங்கி, சமையலுக்கு ஊர்ப் பெண்ணை அமர்த்தும் விடுதியில் இந்தச் சாப்பாடு விலைக்கு மிஞ்சிய தரத்தில் இருக்கும். பாஸ்தாவும் பான்கேக்கும் மட்டுமே பரிமாறும் விடுதிகள் உலகில் எங்கும் கிடைக்கும். அதற்காகக் கிழக்குக் கரைவரை வர வேண்டியதில்லை. விடுதியில் சாப்பிடாத நாளில் சாலையோரக் கடைகளில் காலை இடியப்பமும் சொதியும், இரவில் தட்டும் ஓசையோடு தயாராகும் கொத்து ரொட்டியும் கிடைக்கும்.

மேசை எவ்வளவு நீளமானாலும் ஊர் அதற்கு வெளியே நின்றுவிட்டால் அந்த நட்பு பாதிதான். வாரக்கணக்கில் தங்கியும் ஓர் ஊர்க்காரரின் பெயரைக்கூட அறியாமல் திரும்புகிற பயணிகள் இருக்கிறார்கள். தமிழ் தெரிந்த பயணிக்கு இங்கே பெரிய வசதி உண்டு. ஆட்டோக்கார நானாவிடமும் வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவரிடமும் தேநீர்க் கடையிலும் நேரடியாகப் பேசலாம். கரைவலை இழுக்கும் காலையில் கயிற்றில் ஒரு கை கொடுத்தால் எவரும் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை. பொத்துவில் களப்பில் மீனவர்களே தோணி தள்ளி, கண்டல் காட்டுக்குள் அழைத்துப் போய்ப் பறவைகளையும் முதலைகளையும் காட்டுகிறார்கள். அந்த வருமானம் நேரே அவர்கள் கைக்குப் போகிறது.

ஊரின் ஒழுக்கம் ஊருக்குரியது. நீச்சலுடை கடலோரத்துக்குச் சரி. பள்ளிவாசல் தெருவிலும் பொத்துவில் சந்தையிலும் தோளும் முழங்காலும் மறைவது மரியாதை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் பல கடைகள் அடைத்திருக்கும். மது விடுதிகளின் பெருக்கமும் நள்ளிரவு இசையும் ஊர்க்காரர் பலருக்கு உறுத்தலாகவே இருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் இஸ்ரேலியப் பயணிகளின் வருகை கூடியதும் காசாப் போரும் சேர்ந்து புதிய இறுக்கத்தை உண்டாக்கின. 2024 அக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பைப் பகுதிச் சுற்றுலா இடங்களில் தாக்குதல் அபாயம் இருப்பதாக எச்சரிக்கை விடுத்தது. காவலும் சோதனையும் பலப்படுத்தப்பட்டன. பல நாட்டவரை ஒரே கூரைக்குக் கீழ் வைத்திருக்கும் விடுதிகள் உலகத்துச் சண்டைகளுக்கு வெளியே இருப்பதில்லை.

அலையின் பயன் ஊர்ப்பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. பயணிகள் விட்டுப்போன பழைய பலகைகளில் பழகிய மீனவர் பிள்ளைகள் இன்று பயிற்சியாளர்கள், பலகைக் கடைக்காரர்கள், விடுதி உரிமையாளர்கள். பெண்களுக்கு வழி திறக்க நாளாயிற்று. வீட்டாரின் தயக்கத்தையும் அக்கம்பக்கத்துப் பேச்சையும் தாண்டி, 2018-இல் அறுகம்பைப் பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் தோன்றியது. பெண்களுக்கென்றே இலங்கையில் அமைந்த முதல் அலைச்சறுக்குக் கழகம் அது. விடுதிகளின் மாலைப் பேச்சில் உலகச் சாம்பியன்களின் பெயர்கள் அடிபடுவதைவிட இந்தப் பெண்களின் பெயர்கள் அடிபட்டால் மகிழ்ச்சி.

இலவசக் கட்டிலுக்கு ஈடாகப் பயணிகள் வரவேற்பு மேசையிலும் மதுக்கூடத்திலும் சில மணி நேரம் வேலை பார்ப்பது பேக்பேக்கர் உலகில் பரவலான வழக்கம். இலங்கையின் சுற்றுலா விசா வேலை செய்ய அனுமதி தருவதில்லை. சட்டம் ஒருபுறமிருக்க, அந்த வேலை உல்லையில் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞருக்குப் போக வேண்டியது.

ஜூன், ஜூலையில் வருகிறவர்களுக்கு இன்னொரு காட்சியும் கிடைக்கக்கூடும். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் பாதயாத்திரை அடியார்கள் பொத்துவிலைக் கடந்து, பாணமை வழியாக உகந்தைமலை முருகன் கோயிலை அடைகிறார்கள். அங்கிருந்து குமண, யால காடுகளுக்குள் பாதை நுழைகிறது. முதுகில் மூட்டையோடு வாரக்கணக்கில் நடந்து, கோயில் மடங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தங்கி, கிடைத்த இடத்தில் சேர்ந்து உண்ணும் இவர்கள் விடுதி வாசல் வழியே போகும்போது உள்ளே இருப்பவர்கள் எழுந்து பார்ப்பது உண்டு. கொஞ்சத் தூரம் கூடவே நடக்கிறவர்களும் உண்டு.

விடுதித் தொழில் அடிக்கடி அடிவாங்கியது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் பருவம் தொடங்கும் தறுவாயில் பயணிகளை விரட்டின. அடுத்த ஆண்டு பெருந்தொற்று. 2022-இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் வரிசையில் ஆட்டோக்களும் படகுகளும் ஒருசேரக் காத்துக்கிடந்தன. பெரிய ஓட்டல்கள் தாக்குப்பிடிக்க முதலும் கடனும் இருந்தன. சிறு விடுதிக் குடும்பங்கள் பலவற்றைக் காப்பாற்றியது மீன்பிடிதான்.

அக்டோபர் முடிவில் காற்றுத் திரும்பும். வடகிழக்குப் பருவமழை இறங்க, கடல் கலங்கி அலையின் ஒழுங்கு குலையும். அலைச்சறுக்குக்காரர்களும் பயிற்சியாளர்களில் ஒரு பகுதியினரும் அப்போது பருவம் தொடங்கும் தென்கரை வெலிகமை, ஹிக்கடுவைப் பக்கம் போய்விடுவார்கள். பல விடுதிகள் மூடப்படும். உப்புக்காற்றில் துருவேறிய பூட்டுகளும் மின்விசிறிகளும் மாற்றப்படும். மழை ஓய்ந்ததும் பந்தலுக்குப் புதுக் கிடுகு வேயப்படும். திறந்திருக்கும் ஓரிரு விடுதிகளில் கட்டில் வாடகை வெகுவாகக் குறையும். கூட்டத்தை விரும்பாமல் பறவை பார்க்கவும் எழுதவும் வருகிறவர்களுக்கு அந்த மாதங்கள் ஏற்றவை. ஏப்ரலில் முதல் நல்ல அலைகளோடு முன்பதிவுகள் மீண்டும் தொடங்கும்.