மழையும் மின்வலுவும்

ஒரு நாட்டில் ஓராண்டிற் பிறப்பிக்கப்பெறும் மின்வலுவில் எத்துணைப் பங்கு நிலக்கரியையும் எண்ணெயையும் எரியாது பெறப்பட்டது என்பது, அந்நாடு வளிமண்டலத்திற் சேர்க்கும் காபனீரொட்சைட்டை மதிப்பிடுதற்கு ஓர் அளவுகோலாக இன்று கொள்ளப்படுகின்றது. அப்பங்கு உயர்ந்த ஆண்டில் மகிழ்தலும் தாழ்ந்த ஆண்டில் வருந்துதலும் இயல்பே. ஆயின், அவ்வுயர்வு மனித முயற்சியால் வந்ததா, மழையால் வந்ததா என்று பிரித்தறியாவிடின் அம்மகிழ்ச்சியும் வருத்தமும் பொருளற்றனவாகும். இலங்கையின் மின்வலு வரலாறு இதனை நன்கு விளக்குகின்றது.

மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்வலு பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா 1918 ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வுரையின் வாயிலாக எடுத்துக் காட்டினார். அக்கருத்து லக்சபான மின்னிலையமாக உருப்பெறுதற்கு 1950 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பின்னர்க் களனி கங்கையின் மேற்பகுதியிற் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. 1980 ஆம் ஆண்டுகளில் மகாவலித் திட்டத்தின் கீழ் 210 மெகாவாற்று விக்டோரியா நிலையமும் 201 மெகாவாற்றுக் கொத்மலை நிலையமும் இயங்கத் தொடங்கின. 1995 இல் நாட்டின் மின்வலுவிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரினாலேயே பெறப்பட்டது.

அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. 1996 இல் அப்பங்கு ஏறத்தாழ 70 வீதமாகக் குறைந்தது. நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டை மக்கள் பொறுக்க நேர்ந்தது. அணை ஒன்றேனும் உடையவில்லை. சுழலி ஒன்றேனும் அகற்றப்படவில்லை. குறைந்தது நீர் ஒன்றே. இவ்வனுபவத்தின் பின் அனல்மின் நிலையங்கள் பெருகின. நுரைச்சோலையில் முதலாவது நிலக்கரிப் பிரிவு 2011 இல் இயங்கியது. 2014 இல் மூன்று பிரிவுகளும் சேர்ந்து 900 மெகாவாற்றுக் கொள்ளளவை எய்தின. வரட்சிக்கு அஞ்சித் தேடிய காப்பே காபன் பெருகுதற்கும் வழியாயிற்று.

நீர்த்தேக்கங்கள் இருக்க, ஓராண்டின் மழை மிகுதியை மறு ஆண்டுக்குச் சேமித்தல் இயலாதோ என்று வினவலாம். இயலாமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, தேக்கங்களின் அளவு. அவையனைத்தும் நிரம்பி வழியினும், அந்நீரால் இன்றைய மொத்த மின்றேவையை ஏறத்தாழ ஒரு மாதமே நிறைவேற்றலாம். தேவை ஆண்டுதோறும் வளர, அணைகள் வளர்வதில்லை. இரண்டாவது, நீருக்கு உரிமை கோருவோர் பலர் என்பது. 1976 ஆம் ஆண்டு தொட்டுப் பொல்கொல்லையில் மகாவலி நீரின் ஒரு பகுதி வடக்கு நோக்கித் திருப்பப்படுகின்றது. அந்நீர் உக்குவளையிற் சிறிதளவு மின்வலுவைத் தந்து, பின் உலர்வலய வயல்களைச் சென்றடைகின்றது. கீழுள்ள விக்டோரியாச் சுழலிகளுக்கோ அது கிட்டுவதில்லை. வரட்சிக் காலத்தில் நெல்லா, மின்னா என்ற வினா இவ்விடத்திலேதான் எழுகின்றது.

அண்மைக் கால எண்களும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றன. ஒரு கிலோவாற்று மணியை ஓர் அலகெனக் கொண்டால், மின்சார சபையின் நீர்மின் நிலையங்கள் 2017 இல் ஏறத்தாழ 300 கோடி அலகுகளையும், 2021 இல் ஏறத்தாழ 560 கோடி அலகுகளையும் பிறப்பித்தன. இவ்விடைக்காலத்தில் அந்நிலையங்களின் கொள்ளளவிற் பெரும் மாற்றம் எதுவும் நிகழவில்லை. 2021 இன் எண்ணை மட்டும் நோக்குவோன் நாடு பெருமுன்னேற்றம் கண்டதென்பான். 2017 இன் எண்ணை மட்டும் நோக்குவோன் நாடு பின்னடைந்ததென்பான். இருவரும் கண்டது மழையையே. ஆதலின் பல ஆண்டுகளின் சராசரியையும், புதிதாக நிறுவப்பெற்ற கொள்ளளவையும் ஒருங்கு நோக்குதலே தக்க முறையாகும்.

இவ்வேறுபாடு வெறும் கணக்கு அன்று. நீர் குறைந்த ஆண்டில் எண்ணெயும் நிலக்கரியும் மிகுதியாக வாங்கப்படல் வேண்டும். அவற்றின் விலை அந்நியச் செலாவணியிற் கொடுக்கப்படல் வேண்டும். 2022 மார்ச்சு மாத இறுதியில், செலாவணி இன்மையால் எரிபொருள் கிட்டாமையும் நீர்த்தேக்கங்கள் வற்றியமையும் ஒருங்கே நேர்ந்தபோது, நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. வைத்தியசாலையும் தொழிற்சாலையும் மாணாக்கரின் விளக்கும் அதன் பயனை அனுபவித்தன.

காற்றும் சூரியனும் இக்குறையை எவ்வளவிற்கு நீக்கும்? மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் ஏறத்தாழ 100 மெகாவாற்றுக் காற்றாலைத் தொகுதி திறந்து வைக்கப்பெற்றது. அங்கே காற்று மிக்கு வீசுவது தென்மேற்குப் பருவத்திலாகும்; களனி நீர்த்தேக்கங்களுக்கு மழை மிகுவதும் அப்பருவத்திலேயே. எனவே பெப்புருவரி முதல் ஏப்பிரல் வரையுள்ள வரண்ட மாதங்களில் காற்றின் துணை குறைவு. அம்மாதங்களில் வெயில் மிகுதி. ஆதலின் நீருக்குச் சிறந்த துணை சூரிய வலுவே எனலாம். ஆயினும் அது பகலில் மட்டுமே கிடைப்பது. 2025 ஏப்பிரலிற் புத்தாண்டு விடுமுறையால் மின்றேவை குறைந்தபோது, கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு அவற்றின் உரிமையாளர் கேட்டுக்கொள்ளப்பட்டனர். பகலில் மிகுந்ததை இரவுக்கு வைக்கும் வழி போதாமையே இதற்குக் காரணம். மின்கலங்களில் அதனைச் சேமித்தலும், மிகுந்த மின்வலுவால் நீரை மேலுள்ள தேக்கத்துக்கு ஏற்றி இரவில் மீளச் சுழலிகளில் இறக்குதலும் இதற்குரிய வழிகளாம்.

நல்ல மழை பெய்த ஆண்டின் எண்ணைச் சாதனையெனப் பாராட்டி அமைந்திருக்கும் நாடு, அடுத்த வரட்சியிற் கடனுக்கு எண்ணெய் தேடும். மழை பொய்த்த ஆண்டிலும் குன்றாது நிற்கும் தூய மின்வலு எவ்வளவு என்பதே ஒரு நாட்டின் உண்மையான முன்னேற்றத்தைக் காட்டும் அளவாகும்.