வேத தியானமும் கடவுளில் மகிழ்ச்சியும்

வேத தியானம் என்பது கிறித்தவத் திருமறையின் ஒரு சிறு பகுதியை நிதானமாகத் திரும்பத் திரும்ப வாசித்து, அதன் பொருளை மனத்தில் இருத்தி, அதையே மன்றாட்டாகக் கடவுள்முன் வைக்கும் பழக்கம் ஆகும். வேத ஆராய்ச்சிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. ஆனால் நோக்கம் வேறு. ஆராய்ச்சி செய்திகளைத் தேடுகிறது. தியானம் அச்செய்திகளுக்குரியவரைத் தேடி, அவரில் மகிழ்ச்சி காண முயல்கிறது.

சொல்லும் பொருளும்

‘தியானம்’ என்றதும் கண்களை மூடி, வாய் பேசாது, எண்ணங்களை ஒடுக்கி அமர்ந்திருக்கும் நிலையே பலருக்கும் நினைவுக்கு வரும். முதல் சங்கீதத்தில் தியானம் என்று பெயர்க்கப்பட்டுள்ள எபிரேயச் சொல்லான ‘ஹாகா’ அதற்கு நேர்மாறானது. மெல்லிய குரலில் முணுமுணுத்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். ஏசாயாவின் நூலில் இதே சொல் புறாவின் கூவலுக்கும், இரையைப் பற்றிய சிங்கத்தின் உறுமலுக்கும் வருகிறது. அதாவது, எபிரேயரின் தியானம் மனத்தைக் காலி செய்வதன்று, நிரப்புவது. அதில் வாய்க்கும் வேலை உண்டு. தமிழில் ‘அசைபோடுதல்’ என்ற சொல் இதற்கு மிக அருகில் நிற்கிறது. ‘உருப்போடுதல்’ என்பதையும் சொல்லலாம். பள்ளிகளில் பொருளறியாது மனப்பாடம் செய்வதைக் குறித்து இன்று அது மதிப்பிழந்துவிட்டது. ஆனால் ‘உரு’ என்பது மந்திரத்தைப் பலமுறை ஓதும் கணக்கைக் குறிக்கும் பழைய சொல்லே.

அதே சங்கீதம் இரவும் பகலும் வேதத்தைத் தியானிப்பவனை நீர்க்கால்களின் ஓரத்தில் நடப்பட்ட மரத்துக்கு ஒப்பிடுகிறது. சங்கரன்கோவில் பக்கத்து மானாவாரிக் காடுகளிலிருந்து மேற்கே, மலையடிவாரத்து வாசுதேவநல்லூரின் குளத்துப் பாசனப் பகுதிக்குச் செல்பவர்களுக்கு இந்த உவமை புதிதன்று. வாய்க்கால் கரையில் நிற்கும் மரத்துக்கும் சித்திரை வெயில் ஒன்றுதான். வேர் இருக்கும் இடம்தான் வேறு. தியானிப்பவனுக்கு வெயில் குறையும் என்று சங்கீதக்காரர் சொல்லவில்லை, இலை உதிராது என்றே சொல்கிறார். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த வரியில் வேதத்தில் இன்பம் கொள்வதும் அதைத் தியானிப்பதும் சேர்ந்தே வருகின்றன. இன்பம் இருப்பதால் ஒருவன் தியானிக்கிறான். தியானிப்பதால் இன்பம் வளர்கிறது.

மனத்தில் பதிக்கும் முறைகள்

அச்சு நூல்கள் இல்லாத காலத்தில் வேதம் பெரும்பாலும் செவிவழியாகவே மனத்தில் தங்கியது. 119ஆம் சங்கீதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எபிரேய எழுத்துகள் 22. எழுத்துக்கு 8 வசனங்கள். ஆக 176 வசனங்கள். ஒவ்வொரு பிரிவின் எட்டு வசனங்களும் அந்தந்த எழுத்திலேயே தொடங்கும். ஆத்திசூடியை அகர வரிசையில் சொல்லிப் பழகிய தமிழ் மாணவருக்கு இதன் பயனை விளக்க வேண்டியதில்லை. வேதத்தின் மீதுள்ள அன்பு என்ற ஒரே கருத்தை அப்பாடல் அலுப்பின்றிப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறது.

தமிழில் புதிய ஏற்பாடு சீகன்பால்குவின் முயற்சியால் 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. அதன்பின் தமிழ்க் கிறித்தவர்கள் வேதத்தை வாசித்ததோடு நில்லாமல் பாடவும் தொடங்கினர். திருநெல்வேலியில் 1774இல் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இன்றும் ஆலயங்களில் ஒலிக்கின்றன.

கிருஷ்ண பிள்ளையின் சான்று

தியானம் மகிழ்ச்சியாகக் கனிந்ததற்குத் தமிழகத்தில் தெளிவான சான்று எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900). திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணம் வீட்டிலேயே ஒலித்த சூழலில் வளர்ந்தார். 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியரானார். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார்.

ஜான் பனியன் ஆங்கிலத்தில் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயண உருவகக் கதையைத் தழுவி அவர் இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலாக வெளிவந்தது. பனியனின் கதையில் பயணி சிலுவையருகே வந்ததும் முதுகுச் சுமை கழன்று விழுகிறது. அக்காட்சி மிகச் சுருக்கமானது. கிருஷ்ண பிள்ளையோ அங்கே எளிதில் நகர மறுக்கிறார். இயேசுவின் பாடுகளை ‘இரட்சணிய சரித படலம்’ என்று தனிப் படலமாகவே விரிக்கிறார். மூலக்கதையின் ஓட்டம் தடைபடுகிறது என்று குறை சொல்வோர் சொல்லலாம். ஆனால் ஒரு காட்சியின் முன் நின்று, கண்ணெடுக்காமல் பார்த்து, பார்த்ததைப் பாடுவதுதான் தியானம். நூலின் இடையிடையே ‘தேவாரம்’ என்ற பெயரிலேயே அவர் அமைத்த இசைப்பாடல்களில் அந்தப் பார்வை துதியாக மாறுகிறது. ஆழ்வார்களிடமும் கம்பரிடமும் கற்ற உருக்கத்தை அவர் களைந்துவிடவில்லை. அதே உருக்கத்தோடு வேதத்தை அசைபோட்டார். இறப்பதற்கு முந்தைய ஆண்டில், 1899இல், ‘இரட்சணிய மனோகரம்’ என்ற பக்திப் பாடல் நூலும் வெளிவந்தது.

மகிழ்ச்சியும் துயரமும்

கடவுளில் மகிழ்ச்சி என்றால் எப்போதும் முகமலர்ச்சியோடு இருப்பது என்று கொள்வது தவறு. சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. அத்தி துளிர்க்காமல், வயல் விளையாமல், தொழுவத்தில் மாடின்றிப் போனாலும் கடவுளில் களிகூருவேன் என்ற கருத்தில் ஆபகூக் தம் நூலை முடிக்கிறார். மழை பொய்த்த ஆண்டில் விதைநெல்லும் தீர்ந்துபோன விவசாயி அதை வாசித்தால் கவிதை நயத்தைத் தேடமாட்டான்.

வசனத்தை அதன் இடத்திலிருந்து பிய்த்து எடுப்பதே இந்த மகிழ்ச்சிக்குப் பெரிய தடை. புத்தாண்டு ஆராதனைகளில் வாக்குத்தத்த வசனமாக விரும்பப்படும் எரேமியா 29:11 நல்ல எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறது. அது பாபிலோனில் சிறைப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், மீட்சிக்கு எழுபது ஆண்டுகள் ஆகும் என்கிறது அதன் முன்பகுதி. கடிதத்தைக் கேட்ட முதியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க முடியாது. இது தெரிந்தபின் வசனம் சுருங்குவதில்லை. இந்த ஆண்டே வேலை கிடைக்குமா என்பதைவிடப் பெரிய நம்பிக்கையை அது தாங்கி நிற்பது தெரிகிறது.

பழகும் விதம்

சீர்திருத்த சபைகளின் திருமறையில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. நாளுக்கு மூன்று, நான்கு என்று வாசித்தால் ஓராண்டில் முடிக்கலாம். நல்ல பழக்கம்தான், ஆனால் அது தியானமாகாது. தியானத்துக்குச் சில வசனங்கள் போதும். வாய்விட்டு இருமுறை வாசிக்கலாம். முன்பின் பகுதியைப் பார்த்து, யார் யாரிடம் ஏன் பேசுகிறார் என்று அறியலாம். பின்னர், இது கடவுளைப் பற்றி என்ன காட்டுகிறது என்று கேட்கலாம். ‘எனக்கு இதில் என்ன?’ என்ற கேள்வி முந்திக்கொண்டால் வாசிப்பவர் தம்மையே சுற்றிவருவார். கண்டதை மன்றாட்டாகச் சொல்லிவிட்டு, ஒரு சொல்லையாவது பகல் முழுதும் உடன் கொண்டுசெல்லலாம். கத்தோலிக்கத் துறவியர் வளர்த்த ‘லெக்சியோ திவினா’ முறையும் வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைவனில் ஆழ்ந்திருத்தல் என்ற இதே போக்கில் செல்கிறது.

எதுவும் தோன்றாத வறண்ட நாள்களும் வரும். நெடுநாள் தூக்கமும் உற்சாகமும் இழந்து வாடுபவரிடம் ‘விசுவாசம் போதவில்லை’ என்று சொல்வது கொடுமை. அவருக்கு மருத்துவரும் தேவை, அருகில் அமர்ந்து வாசித்துக்காட்ட ஒருவரும் தேவை. அத்தகையவருக்கு 88ஆம் சங்கீதம் உண்டு. அதில் ஆறுதலான முடிவு கிடையாது. கடைசிச் சொல் இருளைப் பற்றியதே. ஆனாலும் இரவும் பகலும் கடவுளையே நோக்கிக் கூப்பிடும் குரல் அது. அதன் தலைப்பு, ஆலயப் பாடகர்களான கோராகின் புத்திரருக்கு உரிய பாட்டு என்று அதைக் குறிக்கிறது.