பழைய ஃபெராரியா, ஹோண்டாவா? முதல் சூப்பர் கார் வாங்குபவர்கள் கோட்டை விடுவது எங்கே?

சின்ன வயசில் ரூம் சுவரில் போஸ்டராக ஒட்டி வைத்திருந்த கார், ஒருநாள் கைக்கு எட்டும் விலையில் விற்பனைக்கு வந்தால்? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 80-கள், 90-களில் வளர்ந்த பலருக்கு இப்போது நடப்பது இதுதான். புது ஃபெராரி ஒன்றின் விலையில் பாதிகூட இல்லாமல், 30 அல்லது 40 வயதான ஒரு ஃபெராரியை அங்கே வாங்கிவிட முடிகிறது. அதனால் "முதல் சூப்பர் கார் பழசாவே இருக்கட்டும்" என்று முடிவெடுப்பவர்கள் நிறைய.

வாங்குவதில் சிக்கல் இல்லை. அடுத்த வருஷம் வரும் சர்வீஸ் பில்லில்தான் சிக்கல். சேமிப்பு முழுவதையும் காரில் போட்டுவிட்டு, பில்லைக் கட்ட முடியாமல், ஆசைப்பட்டு வாங்கியதை நஷ்டத்துக்கு விற்றுவிட்டுப் போவதுதான் இந்த உலகில் அடிக்கடி நடக்கும் கதை.

கிளாசிக் சூப்பர் கார் என்றால் என்ன?

சட்டப்படி ஒரு வரையறை கிடையாது. 1966-ல் ஜெனீவா மோட்டார் ஷோவில் வந்த லம்போர்கினி மியூராவைத்தான் இந்த ரகத்தின் தொடக்கமாகப் பலரும் சொல்கிறார்கள். அதுவரை பெரும்பாலான வேகக் கார்களில் இன்ஜின் முன்னால் இருந்தது. மியூராவில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போனது. பேலன்ஸ் நன்றாக இருக்கும், திருப்பங்களில் கார் சொன்ன பேச்சு கேட்கும்.

ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கிறது. இன்ஜின் ஒரு சின்ன அறைக்குள் அடைபட்டுக் கிடக்கும். மெக்கானிக் கை உள்ளே நுழையவே இடம் இருக்காது. முதல் சூப்பர் காரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இங்கிருந்துதான் வருகிறது: சர்வீஸ் பண்ண இன்ஜினை வெளியே எடுக்கணுமா, வேண்டாமா?

ஒரு ரப்பர் பெல்ட், லட்சக்கணக்கில் செலவு

70-களின் நடுவில் இருந்து 90-கள் வரை வந்த நடு இன்ஜின் ஃபெராரிகளில் பெரும்பாலானவற்றில் டைமிங் பெல்ட் உண்டு. இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு மூடியிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது இந்த ரப்பர் பெல்ட்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதும். அதோடு இன்ஜின் காலி.

அதனால்தான் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்றிவிடச் சொல்கிறார்கள். கவனிக்க வேண்டியது, இது கிலோமீட்டர் கணக்கு மட்டும் இல்லை, வருஷக் கணக்கும்கூட. கார் ஷெட்டிலேயே தூங்கினாலும் ரப்பருக்கு வயசாகும்.

பெல்ட் மாற்றுவது எல்லா மாடலிலும் ஒரே வேலை இல்லை. 308, 328 மாடல்களில் இன்ஜின் உள்ளே இருக்கும்போதே சக்கரப் பக்கமாகக் கை விட்டு மாற்றிவிடலாம். கஷ்டமான வேலைதான், ஆனா முடியும். 348, எஃப்355, டெஸ்டரோஸா மாடல்களில் அது நடக்காது. காரைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அப்படியே கீழே இறக்கி வெளியே எடுத்த பிறகுதான் பெல்ட்டையே தொட முடியும். பல நாள் வேலை, அதற்கேற்ற கூலி.

அதோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. "இன்ஜின் வெளியேதானே இருக்கு, கிளட்ச்சையும் மாத்திடலாமே, வாட்டர் பம்ப்பையும் பார்த்துடலாமே, ஹோஸ் எல்லாம் பழசாயிடுச்சே" என்று மெக்கானிக் சொல்வார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பில் அங்கேதான் இரண்டு மடங்காகும்.

1999-ல் வந்த 360 மொடேனாவில் சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடியைக் கழற்றினால் பெல்ட் தெரியும்படி ஃபெராரி வடிவமைத்தது. 2004-ல் வந்த எஃப்430-ல் பெல்ட்டே போய் செயின் வந்தது. வாடிக்கையாளர்களின் புலம்பல் இத்தாலி வரை கேட்டிருக்கும் போல.

அப்போ எந்தக் காரை எடுக்கலாம்?

முதல் ஃபெராரி எது என்று அனுபவசாலிகளிடம் கேட்டால் அதிகம் காதில் விழும் பெயர் 328. 1985 முதல் 1989 வரை தயாரானது. 3.2 லிட்டர் வி8 இன்ஜின், 270 குதிரைத்திறன். 1975-ல் வந்த 308-ன் கடைசி வடிவம் என்பதால், பத்து வருஷத்துப் பிழைகள் பெரும்பாலும் திருத்தப்பட்டிருந்தன. கூரையைக் கழற்றும் ஜிடிஎஸ், மூடிய கூரை கொண்ட ஜிடிபி இரண்டும் சேர்ந்து ஏழாயிரத்துக்கும் மேல் தயாரானதால், தேடினால் தேர்ந்தெடுக்கும் அளவுக்குக் கார்கள் இருக்கின்றன. எலக்ட்ரானிக்ஸ் குறைவு. பழைய மெக்கானிக்குகளுக்குக் கைவந்த இன்ஜின்.

வேகம் எப்படி? பூஜ்ஜியத்தில் இருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட சுமார் 6 வினாடி. இந்தியாவில் விற்கும் பிஒய்டி சீல் மின்சாரக் காரின் உயர் ரக மாடல் இதை 3.8 வினாடியில் முடித்துவிடும். ஆக, சிக்னலில் யாரையாவது முந்திக் காட்டணும் என்பதற்காக 328 வாங்கினால் ஏமாற்றம்தான். பவர் ஸ்டீயரிங் கிடையாது, கிளட்ச் கனம், கியர் மாற்றினால் இரும்புத் தகட்டில் "டக்" என்று சத்தம். இதெல்லாம் வேணும் என்பவர்களுக்கான கார் இது.

அடுத்த பெயர் ஆச்சரியம் தரலாம். ஹோண்டா என்எஸ்எக்ஸ். ஆமா, நம்ம ஊரில் ஆக்டிவா ஓட்டும் அதே ஹோண்டாதான். 1989-ல் சிகாகோ ஷோவில் காட்டி, 1990-ல் விற்பனைக்கு வந்தது. முழு பாடியும் அலுமினியத்தில் தொழிற்சாலையில் பெருமளவில் தயாரான முதல் கார் இது. சோதனை ஓட்டத்தின்போது ஃபார்முலா 1 சாம்பியன் அயர்டன் சென்னா சுசூகா டிராக்கில் ஓட்டிப் பார்த்து, பாடி இன்னும் உறுதியாக வேண்டும் என்று சொல்ல, ஹோண்டா அதைப் பலப்படுத்தியது. மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கோர்டன் மர்ரே, சொகுசிலும் கையாளுமையிலும் தன் காருக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டது இந்த என்எஸ்எக்ஸைத்தான்.

அப்போது அதை வாங்க வந்தவர்கள் "எல்லாம் சரி, ஆனா ஹோண்டா பேட்ஜ் ஆச்சே" என்று முகம் சுளித்தார்கள். 35 வருஷம் கழித்து அதே பேட்ஜ்தான் அதன் பெரிய பலம். காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிற சூப்பர் கார். இதிலும் டைமிங் பெல்ட் உண்டு, ஆனா இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. குறைகளும் இருக்கின்றன. ஆரம்ப கால மேனுவல் கார்கள் சிலவற்றில் கியர் பாக்ஸுக்குள் ஒரு வளையம் உடைந்துபோகும் பிரச்னை பிரபலம். அலுமினிய பாடி அடிபட்டால் தெருமுனை டிங்கரிங் கடையில் தட்டி நிமிர்த்த முடியாது, அதற்கென்றே பழகியவர் வேண்டும்.

போர்ஷே 911 சூப்பர் காரா, இல்லையா என்பது முடியாத பட்டிமன்றம். அதை விட்டுவிடலாம். 1998 வரை வந்த காற்றில் குளிரும் இன்ஜின் 911-களில் பெல்ட்டுக்குப் பதில் செயின். பாகங்கள் கிடைக்கும், தெரிந்த மெக்கானிக்குகள் அதிகம். ஆனால் துரு பார்க்கணும். இன்ஜின் கடைசியில் தொங்குவதால், ஈரமான திருப்பத்தில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரில் இருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். பழகாதவர்களுக்கு ஆபத்து.

எஃப்355 பலரின் கனவு. 1994-ல் வந்தது, அழகு, சத்தம் இரண்டிலும் இதை மிஞ்ச ஆள் குறைவு. ஆனால் பெல்ட்டுக்கு இன்ஜினை இறக்கணும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வெடிக்கும், ஆரம்ப கார்களில் வால்வு கைடு தேயும். இரண்டாவது சூப்பர் காராக எடுக்கலாம். லம்போர்கினி கவுன்டாச்? அதை ரிவர்ஸ் எடுக்க, கதவை மேலே தூக்கி, பக்கவாட்டுப் படியில் ஏறி உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டித்தான் பலரும் பின்னால் பார்க்கிறார்கள். முதல் காருக்கு அது வேண்டாம்.

'கம்மியா ஓடின கார்' என்ற வலை

செகண்ட் ஹேண்ட் மாருதி வாங்கும்போது மீட்டர் கம்மியாக இருந்தால் சந்தோஷப்படுவோம். இங்கே அந்தக் கணக்கு பொய்க்கும். 30 வருஷத்தில் 15,000 கி.மீ. மட்டுமே ஓடிய கார் என்றால், பெரும்பாலான நாட்கள் அது சும்மா நின்றிருக்கிறது. ஆயில் சீல் காய்ந்திருக்கும், பெட்ரோல் குழாய் இறுகியிருக்கும், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். வாங்கி ஓட்ட ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாகக் கசியும். வருஷா வருஷம் கொஞ்சமாவது ஓடி, ஒவ்வொரு வேலைக்கும் பில் வைத்திருக்கும் 70,000 கி.மீ. கார் அதைவிட எவ்வளவோ மேல்.

டயரைக் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் தேயாமல் புதுசு போலத் தெரிந்தாலும், பத்து வயதைத் தாண்டிய டயரை நம்பி 200 கி.மீ. வேகத்தில் போக முடியாது. டயரையே மாற்றாதவர் பெல்ட்டை மாற்றியிருப்பாரா என்ற கேள்வியும் கூடவே வரும்.

காரைப் பார்க்கப் போகும் முன் "இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். போனதும் இன்ஜின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் வரும் புகையையோ சத்தத்தையோ மறைக்கப் பார்க்கிறாரோ என்று சந்தேகப்படலாம். ஒரு விஷயம் மட்டும் பயப்பட வேண்டியதில்லை. 328 போன்ற பழைய ஃபெராரிகளில் கியர் பாக்ஸ் ஆயில் சூடாகும் வரை இரண்டாவது கியர் விழ அடம்பிடிக்கும். அது அந்தக் காரின் சுபாவம். சூடான பிறகும் விழவில்லை என்றால்தான் செலவு.

போலியும் உண்டு. 80-களில் அமெரிக்காவில் பான்டியாக் ஃபியரோ காரின் மேல் ஃபெராரி வடிவ பாடியை மாட்டி ஓட்டியவர்கள் ஏராளம். 'மயாமி வைஸ்' டிவி தொடரின் ஆரம்ப சீசன்களில் ஹீரோ ஓட்டிய கறுப்பு ஃபெராரியே கார்வெட் மேல் கட்டிய நகல்தான். பிறகுதான் அசல் டெஸ்டரோஸா வந்தது. எனவே சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டும் ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது கட்டாயம். 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு ஃபெராரி கிளாசிக்கே பிரிவு அசல்தன்மைச் சான்றிதழ் தருகிறது. அது கார் அசல் என்பதற்கான சான்று. இன்ஜின் நன்றாக இருக்கிறது என்பதற்கு அல்ல.

அதற்குத் தனியாக, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத, அந்த மாடலில் பழகிய மெக்கானிக்கிடம் காரைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றை அடைத்துக் கசிவு பார்க்கும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். "நாளைக்கே வேற பார்ட்டி வர்றாங்க" என்று அவசரப்படுத்தி, சோதனைக்கு மட்டும் மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

பட்ஜெட்டைப் பிரிப்பது எப்படி?

கையில் இருக்கும் பணம் முழுவதற்கும் காரைத் தேடக் கூடாது. குறைந்தது ஐந்தில் ஒரு பங்கை முதல் வருஷத்துக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குத்தான் தேட வேண்டும். எஃப்355 போன்ற காருக்கு அதுவே போதாமல் போகலாம். அப்படி ஒதுக்கினால் எஃப்355 எட்டாமல் போய் 328 மட்டும் எட்டுகிறதா? அப்போ 328-தான் உங்க கார். மோசமான எஃப்355-ஐ விட நல்ல 328 மலிவு. இன்சூரன்ஸ் எடுக்கும்போது, வயதைக் காட்டி மதிப்பைக் குறைக்காமல், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையைத் தரும் பாலிசியா என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா?

முன்பு 1950-க்கு முன் தயாரான வின்டேஜ் கார்களை மட்டுமே தனி உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்ய முடிந்தது. 2025-ல் மத்திய அரசு இதை மாற்றி, 50 வயதைக் கடந்த கார்களுக்கு அனுமதி தந்தது. ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சில மாடல்கள் இந்த வரம்புக்குள் வரும். ஆனால் எல்லா வரிகளையும் சேர்த்தால், காரின் விலையைவிட வரியே அதிகமாகிவிடும்.

பதிவு தனி. 2021-ல் வந்த விதிப்படி, 50 வயதைத் தாண்டி, அசல் வடிவம் மாறாத வாகனங்களுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். இப்படிப் பதிவான காரை தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப் போக முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போடுவது, சர்வீஸ் போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம்.

இந்தக் கணக்கில் 1975-ல் அறிமுகமான 308-ன் ஆரம்ப கார்களுக்கு இப்போதுதான் 50 வயதாகிறது. 328-க்கு 2035 வரையும், என்எஸ்எக்ஸுக்கு 2040 வரையும் காத்திருக்க வேண்டும்.