நாணம் மறைக்கும் நோய்

இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் சிறுநீர் கசிகிறதே என்று திருப்பலிக்கு வரவும் கூசும் தாய்மார் உண்டு. மத்தூரிலிருந்து பேருந்தேறி நகரத்து மருத்துவரிடம் செல்லவும் நாணமே தடை.

பிள்ளைப்பேற்றில் இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்வதே பெரும்பாலும் இதற்குக் காரணம். 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் இதற்கொரு பயிற்சியை வெளியிட்டார். சிறுநீரை அடக்குவதுபோல் அத்தசைகளை இறுக்கி, ஐந்து நொடி நிறுத்தித் தளர்த்த வேண்டும், மூச்சை அடக்கலாகாது. வேளைக்குப் பத்து முறையாக நாளும் மூன்று வேளை, மூன்று மாதமேனும் செய்தல் நன்று.

2021 ஆகஸ்டு 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறைச் சிகிச்சையையும் இல்லத்திற்கே கொணர்ந்தது. 2020 முதல் 'இ-சஞ்சீவனி' வழியே வீட்டிலிருந்தபடி கைப்பேசியில் மருத்துவரிடம் பேசலாம். ஒருமுறை நேரில் பரிசோதித்துக்கொண்டால், பின்வரும் ஐயங்களை இவ்வாறே கேட்டுத் தெளியலாம். சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, கருப்பை இறங்கினாலோ நேரில் செல்வதே முறை.

பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் வாடிய பெண், கூட்டத்தில் மறைந்து வந்தே ஆண்டவரின் ஆடையைத் தொட்டாள். நடுங்கியபடி உண்மை முழுவதையும் அவரிடம் சொன்னாள், அமைதியோடு திரும்பினாள். தாய்மாரே, நீங்களும் வாய் திறந்து சொல்லுங்கள். கணவன்மாரே, கைப்பேசியை மனைவியிடம் கொடுத்து, அவர் தனித்துப் பேச இடம் தாருங்கள்.